வீடு கட்டுவோருக்கு ஒரு வார்த்தை



தை பிறந்தால் நம் ஊரில் கடைக்கால் தோண்டுகிறவர்கள் பலர். கோழிப் பண்ணையில் கிடைத்ததும், லாரியில் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்ததும், மரவள்ளிக் கிழங்கு விற்றதும், அதற்கு மேல் வங்கிக் கடனும் சேர்ந்து ஓட்டு வீடு மச்சு வீடாகிறது. நல்லதுதான். மழைக்கு ஒழுகாத வீட்டில் பிள்ளைகள் படுத்துறங்குவதைப் பார்த்தால் எந்தக் குருவானவருக்குத்தான் சந்தோஷமிராது? வீடு முடிந்ததும் மந்திரிக்க வேண்டுமென்று அழைக்கிறீர்கள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு அறை அறையாகப் போகிறேன். கூடத்தில் முகம் தெரியும்படி கல் பதித்திருக்கிறது. சேசுவின் திரு இருதயப் படத்துக்கு மின்விளக்கு. டெலிவிஷனுக்குச் சுவரில் தனி மாடம். எல்லாவற்றையும் ஆசையோடு காட்டிவிட்டு, கடைசியில் ஒரு மூலையைக் கைகாட்டி, "அது சும்மா அடுப்பங்கரைதான், சாமி" என்கிறீர்கள்.

சும்மா என்கிற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறேன்.

அந்தச் சும்மா இடம் பெரும்பாலும் எட்டடிக்கு ஆறடி இருக்கும். ஜன்னல் ஒன்று, அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. சிலர் அதையும் வைப்பதில்லை. கேட்டால் திருடன் பயம் என்பார்கள். திருடன் பத்து வருஷத்தில் ஒருநாள் வந்தாலும் வருவான், வராமலும் போவான். புகை தினம் இரண்டு வேளை தவறாமல் வருகிறது. அது வந்து எடுத்துக்கொண்டு போவது பீரோவில் இருப்பதையல்ல. உங்கள் தாயாருடைய, மனைவியுடைய மூச்சை.

"எங்கள் வீட்டில்தான் கேஸ் இருக்கிறதே" என்று பலர் சொல்வீர்கள். உண்மை. 2006-ம் ஆண்டுக்குப் பின் நம் மாநிலத்தில் ஏழைகளுக்கு இலவச கேஸ் அடுப்புகள் கொடுத்தார்கள். 2016 மே மாதம் முதல் மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டமும் வந்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 வீடுகளில் 80-க்கு மேற்பட்டவை கேஸ் முதலிய புகையற்ற எரிபொருளில் சமைக்கின்றன. இந்தியா முழுவதற்கும் இது ஏறக்குறைய 59-தான். ஆகவே நாம் மோசமில்லை என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த வீடுகளின் கொல்லைப்புறத்தையும் சற்று எட்டிப் பாருங்கள். தகரச் சாய்ப்பு ஒன்று. அதன் கீழே மூன்று கல். கல்லின் மேல் வெந்நீர் அண்டா. மழை நாளில் அந்த அடுப்பு உள்ளே வந்துவிடும். சிலிண்டர் இரண்டு மாதம் ஓட வேண்டுமே என்று சோறும் அதில்தான், மாட்டுக்குக் கஞ்சியும் அதில்தான். தென்னை மட்டையும் மரவள்ளிக் குச்சியும் சீமைக் கருவேலஞ் சுள்ளியும் காசில்லாமல் கிடைக்கும்போது யார்தான் காசைக் கொளுத்துவார்கள்? அந்த அம்மாளை நான் குறை கூறமாட்டேன். விருந்தாளிக்குக் காட்ட ஓர் அடுப்பங்கரையும், வேலைக்கு வேறோர் அடுப்பங்கரையும் வைத்துக்கொண்டு, முன்னதற்கு மட்டும் பளிங்கு பதிக்கிற வீட்டுக்காரரைத்தான் சற்று உட்கார்ந்து யோசிக்கச் சொல்கிறேன்.

நம் பாட்டிமாரும் விறகில்தானே சமைத்தார்கள், எண்பது வயது இருக்கவில்லையா என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். இருந்தவர்களை நாம் கண்டோம். நாற்பதில் இருமி இருமிப் போனவர்களை யார் கணக்கெழுதி வைத்தார்கள்? அன்றியும், பாட்டி சமைத்த வீடு வேறு. நாட்டோடு வேய்ந்த வீட்டில் ஓட்டின் இடுக்கெல்லாம் புகைக்கு வழி. அடுப்பு முற்றத்தை ஒட்டி இருந்தது. இப்போது நீங்கள் கட்டுவதோ மேலே கான்கிரீட் மூடிய பெட்டி. பத்தடி உயரத்தில் கூரை. ஜன்னலின் தலை ஏழடியோடு நின்றுவிடுகிறது. சூடான புகை மேலே ஏறும். ஏறி, அந்த மூன்றடி இடைவெளியில் குளம்போல் தேங்கி, குளிர்ந்து, சமைக்கிறவளின் முகத்துக்கு நேராக இறங்கும். பழைய அடுப்பைப் புது வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதே அடுப்பு முன்னிலும் கொடியதாகிறது என்பதை நம் மேஸ்திரிமார் யாரும் சொல்வதில்லை.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய துணைவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் கருவி வைத்துப் புகைத்தூசியை அளந்தவர்கள். 2000-ம் ஆண்டையொட்டி நடந்த அந்த ஆராய்ச்சியில், எந்த எரிபொருள் என்று மட்டும் பாராமல், அடுப்பங்கரை எப்படிப்பட்டது என்றும் பார்த்தார்கள். வீட்டுக்குள் தடுப்புச் சுவருள்ளது, தடுப்பு இல்லாதது, வீட்டைவிட்டுத் தனியாக நிற்பது, திறந்த வெளியில் உள்ளது என்று பிரித்தார்கள். விறகு எரிகிற வீட்டில் தூசி கேஸ் வீட்டைவிடப் பல மடங்கு இருந்தது ஆச்சரியமில்லை. அடுப்பங்கரையின் அமைப்பும் எவ்வளவு தூசி மூச்சில் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது என்றும், சமைக்காதவர்களும் அடுத்த அறையில் இருந்துகொண்டே அதைச் சுவாசிக்கிறார்கள் என்றும் கண்டதுதான் நமக்கு வேண்டியது. கூடத்தில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையை எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தத் தூசி கண்ணுக்குத் தெரிகிற கரியல்ல. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராத துகள். மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கி, மூச்சிரைப்பு, நெஞ்சுநோய், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் பாதை போடுகிறது. வீட்டுப் புகையால் 2020-ம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் பூமியைப் பற்றி எழுதிய நிருபத்தைப் பலர் பனிமலை, கடல், காடு என்று பெரிய சங்கதிகளுக்காகவே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர் அசுத்தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முதலில் குறிப்பிடுகிறவற்றில் ஒன்று, சமைப்பதற்கு மூட்டும் நெருப்பின் புகையால் ஏழைகள் நோயில் விழுவதே. உலகத்தின் தலைமைக் குருவுக்கு அடுப்படிப் புகை சும்மா சங்கதியாகத் தோன்றவில்லை.

நம் ஆண்டவருக்கும் தோன்றவில்லை. உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடலோரத்தில் சீஷர்கள் வலை இழுத்துக் களைத்து வந்தபோது, கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனைச் சுட்டு, அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். மரணத்தை வென்றவர் அடுப்பு மூட்டினார்! அதைத் தமக்குக் குறைவாக எண்ணவில்லை. நம்மில் எத்தனை ஆண்பிள்ளைகள் சொந்த வீட்டு அடுப்பின் முன்னால் ஒரு நாழிகை உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? மார்த்தம்மாள் பரபரப்பாக இருந்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்யாத குருக்கள் இல்லை. அவளுடைய அடுப்பங்கரையில் காற்று வந்ததா என்று கேட்டவர்தான் யாரையும் காணோம்.

சரி, என்ன செய்வது? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சேசுநாதர் சொன்னார். நாமும் சுவர் எழும்புமுன் உட்காருவோம்.

அடுப்புக்கு நேர் மேலே, கூரையை ஒட்டினாற்போல் ஒரு திறப்பு வேண்டும். ஜன்னலுக்கு மேலே அல்ல, கூரைக்கு அடியில். எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல். தாழ்ந்த ஜன்னலில் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடான புகையை உயர்ந்த திறப்பின் வழியே தள்ளிக்கொண்டு போகும். மின்விசிறி வைக்கிறவர்கள் வைக்கலாம். மின்சாரம் போனாலும் வேலை செய்கிற விசிறி இதுதான். திருடனுக்குப் பயந்தால் கம்பி போடுங்கள், பூச்சிக்குப் பயந்தால் வலை அடியுங்கள், அடைக்காதீர்கள்.

அக்கினி மூலையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நாள், மூலை என்று பயந்து நடப்பது விசுவாசிகளுக்கு அழகல்ல என்பதைப் பலமுறை சொல்லியாயிற்று. ஆனால் பழையவர்கள் தென்கிழக்கில் அடுப்பு வைத்ததில் காற்றின் கணக்கும் இருந்திருக்கலாம். ஆடியில் நமக்குக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. கிழக்கோரத்தில் எழுகிற புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். ஐப்பசியில் காற்று திரும்பிவிடுமே? அப்போது அக்கினி மூலை ஒன்றும் காப்பாற்றாது. இரண்டு பக்கத் திறப்புத்தான் காப்பாற்றும். மூலைக்காக வாதாடுகிற நேரத்தில் பாதியை ஜன்னலுக்காக வாதாடுங்கள்.

விறகு அடுப்பை ஒழிக்க முடியாதவர்கள் அதற்குப் புகைபோக்கி வையுங்கள். இது புதிய யோசனையல்ல. ஹைதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த எஸ். பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுத, சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953-ல் வெளியிட்டது. புகை, கரி, வெக்கை, விறகு விரயம், தீ விபத்து ஆகிய ஐந்திலிருந்தும் வீட்டுப் பெண்களுக்கு விடுதலை வேண்டும் என்பது அவருடைய கட்சி. வார்தாவில் மகன்வாடியிலும் அதே காலத்தில் மண்ணால் செய்த புகையில்லா அடுப்பை உருவாக்கிப் பரப்பினார்கள். அந்த மகன்வாடியில் 1934 முதல் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. நம் சபையைச் சேர்ந்தவரல்ல. ஆயினும் சேசுநாதரின் போதனையைக் காசுக் கணக்குவரை கொண்டுவந்து பார்த்த கிறிஸ்தவர். கடைசி நாட்களை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ல் இறந்தார்.

அவர் சொன்ன ஒரு பாகுபாடு அடுப்பங்கரைக்கு மிகவும் பொருந்தும். உலகத்தில் உள்ள பொருள்களில் சில தொட்டியில் தேங்கிய தண்ணீர்போல. எடுக்க எடுக்கக் குறையும். நிலக்கரி, பெட்ரோலியம் அப்படிப்பட்டவை. சில ஓடுகிற வாய்க்கால்போல. வெயில், காற்று, சாணம், உதிர்கிற மட்டை அப்படி. தொட்டியை நம்பிப் பிழைப்பவர்கள் கடைசியில் தொட்டிக்காகச் சண்டையிடுவார்கள் என்பது அவர் எண்ணம். நம் நாடு எரிக்கிற கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. எங்கோ வளைகுடாவில் யுத்தம் என்றால் சேந்தமங்கலத்தில் சிலிண்டருக்குக் கவலைப்படுகிறோம். ஆகையால் கேஸ் வேண்டாமென்று சொல்லவில்லை. அதுவும் சமைக்கிறவளின் நெஞ்சுக்கு நல்லதுதான். தொட்டித் தண்ணீரைச் செலவழிப்பதுபோல் செலவழியுங்கள் என்கிறேன். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 100-க்கு 10 அல்லது 15 பங்குதான் பானையில் ஏறுகிறது. நல்ல கேஸ் அடுப்பில் 68 பங்கு. அதையும் மூடியில்லாமல் கொதிக்கவிட்டால் என்ன மிச்சம்? பருப்பையும் அரிசியையும் முன்கூட்டி ஊறவையுங்கள். கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள். வைக்கோல் திணித்த பெட்டி ஒன்றில் கொதித்த சோற்றுப் பானையை மூடியோடு இறக்கி, மேலேயும் வைக்கோல் மெத்தை போட்டு மூடிவிட்டால், மீதி வேக்காடு நெருப்பில்லாமலே ஆகும். நேரம்தான் கொஞ்சம் கூடும். ஞாயிறு காலை பூசைக்கு வருமுன் வைத்துவிட்டு வரலாம். என் பிரசங்கம் நீண்டாலும் சோறு குழையாது, தீயாது.

வெந்நீருக்கு, நடுவே குழாய் ஓடுகிற பாய்லர் மூன்று கல்லைவிட எவ்வளவோ மேல். மாடு மூன்று நான்கு உள்ளவர்கள் சாண எரிவாயுவை யோசிக்கலாம். 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு சிறு குடும்பம் சமைக்கலாம். மிஞ்சுகிற கரைசல் வயலுக்கு நல்ல எரு. மாடே இல்லாதவர்களுக்கு அதைச் சொல்லி நேரம் போக்கமாட்டேன்.

இப்போது கசப்பான ஒரு சங்கதி. 1983-ல் தொடங்கி 2002 வரை சர்க்கார் நாடெங்கும் மேம்பட்ட அடுப்பு என்று மூன்று கோடிக்கு மேல் போட்டுக் கொடுத்தது. இன்று அவை எங்கே? பெரும்பாலும் இடிந்து போயின. அதற்குப்பின் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்து, சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் சமைக்கிறவள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்தது. அடுப்பில் விரிசல் கண்டால் பூசவில்லை. குழாயில் கரி அடைத்தால் எடுக்கவில்லை. நாளடைவில் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். எண்ணிக்கைக்காகக் கட்டிய அடுப்புகளில், பானை எத்தனை பெரியது, உட்கார்ந்து சமைப்பாளா நின்று சமைப்பாளா என்று அந்தப் பெண்ணிடம் கேட்ட இடங்கள் சொற்பம். கேட்காமல் கட்டியதை அவள் ஏன் காப்பாற்ற வேண்டும்?

அதனால் சொல்கிறேன்: அடுப்பங்கரைக்கு வரைபடம் போடும்போது மேஸ்திரி, மாமனார், சம்பந்தி எல்லோரும் சற்று வாயை மூடிக்கொள்ளட்டும். அங்கே நிற்கப் போகிறவள் பேசட்டும். மேடையின் உயரம் மேஸ்திரியின் வழக்கமான கணக்காக இருக்க வேண்டாம். அவளை நிறுத்தி, முழங்கைக்கு அரைச்சாண் கீழே சுவரில் கோடு போடுங்கள். மருமகள் வந்தால் உயரம் மாறுமே என்று ஒருவர் கேட்டார். மருமகள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது இடுப்பு நோகிறது உங்கள் மனைவிக்கு.

தண்ணீர் போகிற வழியையும் அவளிடமே கேளுங்கள். அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்கு. பாத்திரம் கழுவிய நீர் தெருச்சாக்கடையில் கொசு வளர்க்க வேண்டியதில்லை. குழாயைக் கொல்லைக்குத் திருப்பி, ஜல்லி நிரப்பிய ஒரு குழி வழியாக விட்டால் நாலு வாழையும் கொஞ்சம் கல்வாழையும் குடித்துக்கொள்ளும். இதை வீடு கட்டும்போது செய்தால் ஒரு குழாய்ச் செலவு. பிறகு செய்தால் தரையைப் பெயர்க்க வேண்டும். காய்கறித் தோலுக்கு ஓட்டை போட்ட இரண்டு பழைய பானைகள். ஒன்று நிரம்பி மக்குவதற்குள் மற்றது நிரம்பும். ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவர், எத்தனை அப்பமும் உண்டாக்க வல்லவராயிருந்தும், மீந்த துண்டுகளைப் பன்னிரண்டு கூடையில் சேர்க்கச் சொன்னாரே! மக்குகிற பானைக்குச் சோறு போகக்கூடாது. சோறு மிஞ்சாமல் உலை வைப்பதே முறை. பாலித்தீன் பைகளைப் பற்றி நான் சொல்வதைவிட சர்க்கார் சட்டமே சொல்கிறது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் அவை தடை. அடுப்புப் பற்றவைக்க அவற்றைக் கொளுத்துகிற வழக்கத்தை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகை விறகுப் புகையைவிட விஷம்.

இந்த வருஷம் வீடு கட்டாதவர்கள் நம்மில் அதிகம். ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற விதவைகளும் வயோதிகர்களும் உண்டு. அவர்களுக்காக வின்சென்ட் தே பவுல் சபையாரும் வாலிபர்களும் புகைபோக்கி வைத்துக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். மண்ணும் செங்கல்லும் அவர்கள் கொண்டுவருவார்கள். குழாய்ச் செலவைப் பங்கு ஏற்கும். தேவைப்படுகிறவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும். தினம் சமைக்கிற பெரிய பானையையும் சிறிய பானையையும் கையோடு எடுத்து வாருங்கள். அடுப்பின் வாய் அந்த அளவுக்கே அமைக்கப்படும். அடுப்பு இருக்கும் இடத்திலிருந்து முகடுவரை கயிறு போட்டு அளந்து, முகட்டுக்கு மேல் இரண்டடி சேர்த்து வரவும். மாதத்தில் முதல் சனிக்கிழமை குழாயில் கரி தட்ட வீட்டில் யார் ஏறுவார்கள் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்வோம். யாருமில்லாத வீட்டுக்கு வாலிபர்களில் ஒருவர் பெயர் எழுதப்படும்.